தந்தையின் செல்வம்

நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமெச்செட்டா 1976இல் வெளியிட்ட 'தி பிரைட் பிரைஸ்' நாவலின் தலைவி அக்குன்னா. இக்போ மொழியில் அப்பெயருக்குத் 'தந்தையின் செல்வம்' என்பது பொருள். அவள் அடிமை மரபில் வந்த சிக்கேயுடன் உடன்போகிறாள். சிக்கேயின் தந்தை பரியம் கொடுக்க முன்வந்தும், அவளுடைய தந்தையின் சகோதரன் ஏற்க மறுக்கிறான். பரியம் பெறப்படாத பெண் பிள்ளைப்பேற்றில் இறப்பாள் என்பது இபுசா ஊரார் நம்பிக்கை. அவளும் அவ்வாறே இறக்கிறாள்.

இம்முடிவு மூடநம்பிக்கைக்கு வலுவூட்டுகிறது என்பார் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. முதிராத இளமை, ஊட்டக்குறைவு, அச்சம் ஆகியவையே அவளைக் கொன்றன என்பதை ஆசிரியர் புலப்படுத்துகிறார். ஊரோ அச்சாவைப் பிற பெண்களுக்கு எச்சரிக்கையாக்குகிறது. பெண்ணின் இசைவைக் கேளாமலே பரியத்தை வாங்கவும் மறுக்கவும் ஆடவனுக்கு உரிமை தருவதே வழக்கத்தின் கொடுமை. செல்வமென்று பெயரிட்டோர், அச்செல்வத்திற்கும் மனமுண்டு என்பதை மறந்தனர்.