பெயருக்கு உரியவர் யார்?

பிரையன் ஃபிரீல் எழுதிய 'மொழிபெயர்ப்புகள்' என்னும் நாடகம் 1980-இல் டெர்ரி நகரில் முதன்முதலாக மேடையேறியது. கதை நிகழும் ஆண்டு 1833. அயர்லாந்துச் சிற்றூர் ஒன்றை அளந்து நிலப்படம் வரைய ஆங்கிலப் படையினர் வருகின்றனர். ஐரிய ஊர்ப்பெயர்கள் ஆங்கிலச் செவிக்கேற்பத் திரிக்கப்படுகின்றன. அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வரும் ஓவனை அதிகாரிகள் 'ரோலண்ட்' என்று அழைக்கின்றனர். அவனும் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பெயர்தானே என்று விட்டுவிடுகிறான். அடிமைத்தனம் நுழையும் வாயில் அதுவன்றோ!

ஐரியப் பெயர்களை எழுதுவது ஒருவகை, ஒலிப்பது வேறுவகை, ஆகவே அது ஒழுங்கற்ற மொழி என்பர் ஏளனக்காரர். உண்மை என்ன? ஐரிய மொழியின் மெய்கள் பெரும்பாலும் அகன்ற ஒலி, மெல்லிய ஒலி என இரட்டையாய் வருவன. எது எந்த ஒலி என்பதை அருகில் நிற்கும் உயிரெழுத்தே காட்டும். 'எஸ்' எழுத்தின் அருகே 'ஐ' நின்றால் 'ஷ' ஒலிக்கும். 'பி'யை அடுத்து 'எச்' வந்தால் வகர ஒலி பிறக்கும். இவ்விரு விதிகளை அறிந்தவன் எஸ், ஐ, ஓ, பி, எச், ஏ, என் என்னும் எழுத்துகளைக் கண்டதும் 'ஷிவான்' என்று தயங்காது படிப்பான். ஆங்கில அளவுகோலை நீட்டி ஐரிய மொழியைக் குறை கூறுவது, துணியைப் படியால் அளந்துவிட்டுத் துணி சரியில்லை என்பதை ஒக்கும்.

நாடகம் சிறந்தது, ஐயமில்லை. ஆயினும் அது ஒரே ஊரில் நிகழ்வதால், அயர்லாந்துக்குள்ளேயே எழும் வினா ஒன்றை அது தொடவில்லை. ஒரே பெயர் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாய் ஒலிக்குமே, அங்கே எது சரி? 'கீவா' என்று வடக்கே அல்ஸ்டரில் அழைக்கப்படும் பெண், தெற்கே மன்ஸ்டரில் 'குவீவா' ஆகிறாள். எழுத்து ஒன்றே! 'ஷான்' என்னும் பெயரின் அல்ஸ்டர் ஒலிப்பிலிருந்தே 'ஷேன்' என்னும் பெயர் பிறந்தது. மொழியின் பெயரே மன்ஸ்டரில் ஒருவிதம், கானக்டில் ஒருவிதம்.

1940-களில் அயர்லாந்து அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து, ஒலியாத எழுத்துகள் பலவற்றைக் களைந்தது. வேண்டிய சீர்திருத்தமே அது. ஆனால் பொது எழுத்து வேறு, பொது நாக்கு வேறு. பாடநூலில் உள்ள ஒலியே உயர்ந்தது, ஊரார் ஒலி இழிந்தது என்று கூறுவோர், ஆங்கில அதிகாரியின் நாற்காலியில் தாமே சென்று அமர்கின்றனர். அயலான் ஆதிக்கத்தை உதறிய கை, அண்டை ஊரானின் நாவைக் கட்டலாமா?

இது வெறும் எழுத்தாராய்ச்சி அன்று. டோனிகால் உழவரும் பாவலருமான நீல் மக் கில்லா பிரீடே, தம் வண்டியில் தம் பெயரை ஐரிய எழுத்தில் எழுதியதற்காகத் தண்டம் விதிக்கப்பட்டார். 1905-இல் அவருக்காக டப்ளின் நீதிமன்றத்தில் வாதாடியவர் பாட்ரிக் பியர்ஸ். வழக்கு தோற்றது. அதே பியர்ஸ் 1916 எழுச்சிக்குத் தலைமை தாங்கிச் சுட்டுக் கொல்லப்பட்டார். வண்டிப் பலகையில் எழுதிய பெயருக்கும் நாட்டு விடுதலை எழுச்சிக்கும் இடையே இருந்த தொலைவு பதினொரே ஆண்டுகள்!

எழுத்து மொழிக்கு உரியது. ஒலி ஊருக்கு உரியது. பெயரோ அதைத் தாங்குபவருக்கே உரியது. தெரியாத பெயரை நகைத்துத் திரிப்பது அறியாமை. "உங்கள் பெயரை எப்படி அழைப்பது?" என்று கேட்பதே பண்பாடு; அதுவே பகுத்தறிவு.