சனி, ஞாயிறு மட்டும்: 'வாழை' பற்றிச் சில குறிப்புகள்

மாரி செல்வராஜின் 'வாழை' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. பார்த்துட்டு வந்தவங்க பெரும்பாலும் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் பேசினாங்க. லாரி கவிழ்வது, வரிசையாகக் கிடக்கும் உடல்கள், ஊரே அழுவது. எனக்கு அந்த விபத்துக்கு முந்தைய சனி, ஞாயிறுகள்தான் இன்னும் மனசில் நிற்கின்றன. தமிழ் சினிமாவில் குழந்தைத் தொழிலாளி புதிது கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காமலேயே கூலிக்குப் போகும் பையனை இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்த படம் வேறொன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

சிவனைந்தன் நல்லாப் படிக்கிறவன். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம், வார விடுமுறையில் அம்மாவோடும் அக்கா வேம்புவோடும் வாழைத்தார் சுமக்கப் போகணும். வீட்டில் கடன் இருக்கிறது, தப்பிக்க முடியாது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லணும். லாரி ரோட்டில்தான் நிற்கும், உள்ளே வராது. தாரை வெட்டி, சகதியில் இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, வரப்பு வழியாக ரோட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பதுதான் வேலை. ஒரு தார் பத்து கிலோவுக்குக் குறையாது, சில ரகங்கள் இருபதைத் தாண்டும். தலையில் சும்மாடு இருந்தாலும் கழுத்து விட்டுப்போகும். வாழைக்கறை சட்டையில் பட்டால் லேசில் போகாது. நான் படித்த காலத்தில் திங்கட்கிழமை யார் சட்டையில் கறை இருக்கிறது என்று பார்த்தாலே யார் எங்கே போயிட்டு வந்தான் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பையனை யார் கணக்கில் எழுதுவது? பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அவன் முழு மாணவன், இடைநின்றவர்கள் பட்டியலில் வரமாட்டான். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பட்டியலிட்ட தொழில்களில்தான் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது, வாழைத்தோட்டத்துச் சுமை அதில் இல்லை. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் பின்னால் ஒரு பையன் தார் சுமந்து வந்தால் அது குடும்பத்துக்கு உதவியா, இன்னொருத்தர் வியாபாரத்துக்குக் கூலியா? தாளில் பதில் இருக்கலாம். வரப்பில் நின்று கேட்கிறவர் யார்? சட்டம் மணிக்கணக்கைப் பார்க்கிறது. படமோ ஞாயிற்றுக்கிழமை வலி திங்கட்கிழமைக்கும் தொடர்வதைக் காட்டுகிறது.

கூலி உயர்வு கேட்கும் இடம் படத்தின் முதுகெலும்பு. கனி (கலையரசன்) முன்னால் நின்று கேட்கிறான், கிடைக்கிறது. கூட்டிக் கொடுத்த காசைத் திரும்ப எடுக்க, ஆட்களைத் தார் ஏற்றிய லாரி மேலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். விபத்து வானத்திலிருந்து விழவில்லை, வியாபாரியின் கணக்கிலிருந்து வந்தது. இதே ஆற்றங்கரையில், திருநெல்வேலியில், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கி 17 பேர் செத்தார்கள். இந்த ஊரில் கூலி கேட்கிற காட்சியைச் சும்மா பார்க்க முடியாது.

என்னுடைய குறை பள்ளிக்கூடம் பற்றியது. பூங்கொடி டீச்சர் (நிகிலா விமல்) வரும் காட்சிகள் அழகு. ஆனால் வயல் எல்லாம் வலி, வகுப்பறை எல்லாம் வெளிச்சம் என்று படம் ரொம்பச் சுலபமாகப் பிரித்துவிடுகிறது. நான் பார்த்த பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை முதல் பீரியடில் தூங்கி விழுந்தவனுக்குப் பிரம்படி கிடைத்தது. ஏன் தூங்குறே என்று ஒருத்தரும் கேட்கலை. அந்தப் பள்ளிக்கூடமும் படத்தில் வந்திருந்தால் சிவனைந்தனின் இரட்டை வாழ்க்கை இன்னும் இறுகியிருக்கும். பாட்டுகளில் ஒன்றைக் குறைத்திருக்கலாம் என்பது தனிப் புலம்பல்.

படம் வந்த சூட்டோடு எழுத்தாளர் சோ. தர்மன், தன் 'வாழையடி' சிறுகதையில் இதை முன்பே எழுதிவிட்டதாகச் சொன்னார். அப்புறம் பேச்செல்லாம் கதை யாருடையது என்பதிலேயே சுற்றியது. அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சத்தத்தில், ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியாக எழுதத் தோன்றுகிற அளவுக்கு இந்த வேலை இந்தப் பக்கத்தில் சகஜமாக இருந்திருக்கிறதே என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்றைக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன்கள் முகூர்த்த நாளில் கேட்டரிங் பரிமாறப் போகிறார்கள், தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். இதைப் 'பார்ட் டைம்' என்கிறோம். பதினெட்டு வயசும், பிடிக்கலைன்னா நின்றுகொள்ளும் சௌகரியமும் இருந்தால் அந்தச் சொல் பொருந்தும். சிவனைந்தனுக்கு இரண்டும் இல்லை. அவனுக்கு இருந்தது வேம்பு.

ஆண்டுவிழா நடன ஒத்திகைக்குப் போகணும் என்று தவிக்கிறவனை அவள்தான் அம்மாவுக்குத் தெரியாமல் நழுவவிடுகிறாள். அவன் ஆடிவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வந்து சோற்றை அள்ளித் தின்னும் காட்சியில் எல்லோரும் அவன் பசியைத்தான் பார்த்தோம். நான் இரண்டாவது தடவை பார்க்கும்போது வேறொன்று உறுத்தியது. அன்றைக்கு அவன் சுமக்க வேண்டிய தார்களையும் வேம்புதான் சுமந்திருப்பாள்.