தீர்ப்புக்கு முந்திய தண்டனை: சொஸ்மா சட்டம் – ஒரு திறனாய்வு

பயங்கரவாதத்தை ஒடுக்குவது அரசின் கடமை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பூச்சோங்கில் நிகழ்ந்த கையெறிகுண்டுத் தாக்குதலில் எண்மர் காயமுற்றதை நாம் மறந்துவிடலாகாது. ஆயின், அக்கடமைக்கென வழங்கப்பட்ட அதிகாரம் பிழைபடும்போது யார் விடையளிப்பது? இவ்வினாவை முன்வைத்து, 2012ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தை, அதாவது சொஸ்மாவை, இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

இச்சட்டத்தின் முன்னோடி 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமாகும். காவல்துறை 60 நாள் வரையிலும், பின்னர் அமைச்சரின் ஆணைப்படி ஈராண்டுகளும் ஒருவரை விசாரணையின்றித் தடுத்துவைக்க அது இடமளித்தது. அவ்வீராண்டுகளை மீண்டும் மீண்டும் நீட்டிக்கவும் இயன்றது. 2003இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் அதனை நீக்கப் பரிந்துரைத்தது. நீக்கம் 2012இல்தான் கைகூடியது.

அதன் இடத்திற்கு வந்த சொஸ்மா, 28 நாள் காவலுக்குப் பின் ஒருவரை நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்ட வேண்டும் அல்லது விடுவிக்க வேண்டும் என்றது. அரசியல் நம்பிக்கை ஒன்றையே காரணமாகக் கொண்டு எவரையும் கைது செய்யலாகாது என்றும் அதன் நான்காம் பிரிவு உரைத்தது. ஏட்டளவில் இது முன்னேற்றமே. ஆனால், 13ஆம் பிரிவு பயங்கரவாதக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பிணை மறுத்தது. இதனால் சிறைவாசம் ஒழியவில்லை; விசாரணைக்குப் புறம்பாக இருந்த அது, விசாரணைக்கு முன்பாக வந்து நின்றது. மேலும், 2015இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், வாரியம் ஒன்றின் ஆணைப்படி ஈராண்டுத் தடுப்புக் காவலை மீண்டும் கொணர்ந்தது.

இதன் விளைவை 2019ஆம் ஆண்டு நிகழ்வுகளில் தெளிவாகக் காணலாம். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் எனக் கூறி, சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்பட 12 பேர் அவ்வாண்டு அக்டோபரில் கைது செய்யப்பட்டனர். அவ்வியக்கமோ 2009 மே திங்களிலேயே இலங்கையில் போர்க்களத்தில் முறியடிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 29ஆம் நாள், 13ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் கைதிகளின் காவல் உடனே முடிவுக்கு வரவில்லை. 2020 பிப்ரவரி 21ஆம் நாள், குற்றத்தை மெய்ப்பிக்கும் வாய்ப்பில்லை என்று கூறிச் சட்டத்துறைத் தலைவர் வழக்குகளைக் கைவிட்டார்.

அம்முடிவு வரவேற்கத்தக்கதே. எனினும், அது சான்றுகளைச் சீர்தூக்கி நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பன்று. ஓர் அதிகாரியின் விருப்புரிமையால் விளைந்தது. ஆகவே, கைதுக்குப் போதிய அடிப்படை இருந்ததா, இழந்த திங்கள்களுக்கு ஈடு யாது என்னும் வினாக்கள் அம்முடிவால் விடை பெறவில்லை. கதவு திறந்தது, கணக்குக் கேட்கப்படவில்லை.

பொறுப்புடைமைக்கு இச்சட்டம் ஒரு வாயிலை வைத்திருந்தது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 28 நாள் காவலுக்கான விதியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் மீளாய்வு செய்தாக வேண்டும். 2022 மார்ச்சில் அதன் நீட்டிப்பு 84க்கு 86 என்னும் வாக்குக் கணக்கில் தோற்றது. ஜூலையில் மீண்டும் கொணரப்பட்டு நிறைவேறியது. ஆயினும், அம்மீளாய்வு 28 நாள்களுக்கு மட்டுமே உரியது. பல திங்கள் சிறைக்கு வழிவகுத்த பிணை மறுப்பு அதன் வரம்புக்குள் வரவில்லை. குறுகிய காவலுக்குக் காவலாளர் உண்டு, நெடிய காவலுக்கு இல்லை என்பதே இச்சட்டத்தின் அடிப்படைக் குறை எனலாம்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை, ஆராயாது தண்டித்தது. ஆயின், அவன் அவையில் வழக்குரைக்க ஒரு பெண்ணுக்கு இடமிருந்தது; மன்னன் தன் பிழையைத் தன் வாயாலேயே ஒப்பினான். வகுப்பறையில் அக்காதையைக் கற்பிக்கும் நாம், அதனை ஊழின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாகாது.

பிணை வழங்கும் முடிவை நீதிபதியிடம் விடுவதும், கைவிடப்பட்ட வழக்குகள் பற்றி நாடாளுமன்றத்திற்கு ஆண்டுதோறும் அறிக்கை அளிப்பதும், பிழையாகச் சிறைப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குவதும் பாதுகாப்பைத் தளர்த்துவன அல்ல. அரசின் சொல்லை மக்கள் நம்புவதற்கு அவையே அடிப்படை என்பது எமது துணிபு.