பஞ்சாலைப் பெண்ணின் பாட்டு
மக்களைச் சிரிக்க வைப்பது எளிதன்று. பிழைப்பிழந்து நிற்கும் மக்களைச் சிரிக்க வைப்பது அதனினும் அரிது. 1934ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ‘சிங் ஆஸ் வீ கோ’ என்னும் நகைச்சுவைப் பேசும் படம் அவ்வரிய செயலைச் செய்தது. பேஸில் டீன் இயக்கிய அப்படத்தின் கதையை எழுதியவர் ஜே. பி. பிரீஸ்ட்லி. கதாநாயகியாக நடித்தவர் கிரேஸி பீல்ட்ஸ்.

லங்காஷயரில் ஒரு பஞ்சாலை மூடப்படுகிறது. வேலை இழந்த கிரேஸ் என்னும் பெண், சைக்கிளேறிக் கடற்கரை நகரமான பிளாக்பூலுக்குப் பிழைப்புத் தேடிச் செல்கிறாள். விடுதியில் பணிப்பெண்ணாகிறாள், மிட்டாய் விற்கிறாள், வேடிக்கைக் கொட்டகையில் ‘மனிதச் சிலந்தி’யாகவும் வேடமிடுகிறாள். ஒவ்வொன்றிலும் இன்னல், ஒவ்வொன்றிலும் சிரிப்பு. முடிவில் ஆலை மீண்டும் திறக்கப்படுகிறது. தொழிலாளர் பாடிக்கொண்டே உள்ளே செல்கின்றனர்.

கிரேஸி பீல்ட்ஸின் நடிப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 1898இல் ராச்டேலில் பிறந்து, சிறு வயதிலேயே பஞ்சாலையில் வேலை செய்தவர் அவர். மேட்டுக்குடியினரின் ஆங்கிலமே திரையில் பெரும்பாலும் ஒலித்த நாளில், தம் ஊர்ப் பேச்சை மறைக்காமலே பேசினார். உழைப்பவளின் மொழியும் அரங்கேறத் தக்கதே என்று மெய்ப்பித்தார். அப்பெண் எவர் முன்பும் கூனிக் குறுகி நிற்பதில்லை. இத்தன்மானமே படத்தின் உயிர்.

ஆயினும் ஒரு குறையைக் கூறாதிருக்க இயலவில்லை. ஆலை மூடும்போது பாடிய பாட்டையே, ஆலை திறக்கும்போதும் தொழிலாளர் பாடுகின்றனர். மூடுமுன் அவர்களை எவரும் கேட்கவில்லை, திறக்குமுன்னும் கேட்கவில்லை. வேலையின்மை ஏதோ மழைபோல வந்து, மழைபோலவே ஓய்ந்துவிடுகிறது! 1933இன் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். அவ்வாண்டில் நாட்டைச் சுற்றி வந்து, அவர்கள் நிலையை நூலில் உருக்கமாக எழுதியவர் இதே பிரீஸ்ட்லி. திரையில் மட்டும் ஏன் நாவடக்கினார்?

முதலாளி தொழிலாளி பூசலைத் திரையில் காட்டத் தணிக்கையாளர் விரும்பாத காலம் அது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘லவ் ஆன் தி டோல்’ என்னும் வேலையின்மைக் கதையைப் படமாக்க 1936இல் அவர்கள் இசையவில்லை. 1941இல்தான் அது திரையேறியது.

அதே உலக மந்தத்தில் மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்து, நம் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களையும் எவரும் கேட்கவில்லை. எனவே, வாசகர்களே, இப்படத்தைப் பாருங்கள். வயிறு குலுங்கச் சிரியுங்கள். ஆனால், ஆலைக் கதவை மூடியவர் யார், திறந்தவர் யார் என்ற கேள்வியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.