நான்கு அங்குலத்தின் விலை

1949ஆம் ஆண்டு மெர்க்குரி காரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு பொருத்தமின்மை தெரியும். கீழ்ப்பகுதி தாழ்ந்து, பரந்து, ஒரே வளைவாக ஓடுகிறது. அதன்மேல் இருக்கும் கூரை மட்டும் வேறொரு காரிலிருந்து எடுத்து வைத்ததுபோல உயர்ந்து நிற்கிறது. கண்ணாடிகளின் உயரத்தில் நான்கு அங்குலம் குறைந்தால் வண்டி முழுமை பெறும் என்று பார்ப்பவருக்கே தோன்றும். கலிஃபோர்னியாவின் இளம் பட்டறைக்காரர்கள் அதைச் செய்தும் பார்த்தார்கள். தூண்களை அறுத்து, ஒரு பட்டை அளவு இரும்பை எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி வெல்டிங் வைத்தார்கள்.

முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் இந்தக் கூரை வெட்டைத் தகட்டுக் கலையின் உச்சம் என்று ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். திருப்பித் தர முடியாத அழிவு என்று இன்னொரு சாரார் வருந்துகிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. இது மரியாதைக்குரிய கலை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இதன் பெயரால் நடப்பதில் பெரும்பகுதிக்கு அந்த மரியாதை பொருந்தாது. ஒரு வெட்டு எந்தப் பக்கம் சேரும் என்பதை அறுத்த பிறகு நடக்கும் வேலைதான் முடிவு செய்கிறது.

தொடக்கத்தில் இதற்கு அழகு காரணமாக இல்லை. தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை ஓட்டி வேகத்தை அளந்தார்கள். 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் உருவானபின் அந்தப் பந்தயங்கள் ஒழுங்குக்கு வந்தன. அங்கே காற்றுதான் எதிரி. 1932 ஃபோர்டு கூபேயின் கண்ணாடிப் பகுதியில் நான்கு அங்குலம் குறைத்தால் காற்றை எதிர்கொள்ளும் முகப்பரப்பு தோராயமாக ஆறு சதவீதம் குறையும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் எஞ்சின் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், அந்த ஆறு சதவீதம் உச்ச வேகத்தில் இரண்டு சதவீதம்தான் கூட்டும். மணிக்கு 120 மைல் ஓடும் வண்டிக்கு இரண்டரை மைல் கூடுதல். சாதனைப் பட்டியலில் இடம் தேடுபவனுக்கு அது பெரிது. நகரத் தெருவில் 40 மைலில் போகிறவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்தக் கணக்கை மறந்துவிட்டு இந்த வேலையை மதிப்பிட முடியாது. ஏரிப் படுகையில் வெட்டுக்கு நியாயம் சொன்னது கடிகாரம். தெருவுக்கு வந்ததும் அந்த நியாயம் தீர்ந்துபோனது. அழகுக்காக வெட்டியவர் அழகைக் காட்டியே தீர வேண்டியதாயிற்று.

அப்படிக் காட்டியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பட்டறை நடத்திய சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள். பாப் ஹிரோஹாட்டாவுக்காக 1952இல் அவர்கள் மாற்றியமைத்த 1951 மெர்க்குரியில் கூரையை முன்புறம் நான்கு அங்குலமும் பின்புறம் ஏழு அங்குலமும் இறக்கினார்கள். கதவுக் கண்ணாடிக்கும் அதற்குப் பின்னுள்ள பக்கக் கண்ணாடிக்கும் நடுவே நின்ற தூணை அடியோடு நீக்கினார்கள். பக்கக் கண்ணாடிகளின் சட்டத்தைப் புதிதாக வளைத்தார்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு குறைத்திருந்தால் கூரை வெறுமனே தாழ்ந்திருக்கும். பின்பக்கம் கூடுதலாக இறங்கியதால்தான் முன்கண்ணாடியில் எழும் கோடு தடையின்றி வால்வரை வழிகிறது. அவர்கள் கூரையைக் குறைக்கவில்லை. காரின் பக்கவாட்டுக் கோட்டைப் புதிதாக வரைந்தார்கள். 2017இல் அந்த வண்டி அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. 1959இல் ஓர் இளைஞர் 500 டாலருக்கு வாங்கிய அதே வண்டி 2022இல் ஏலக் கட்டணம் உட்பட 21 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. தொழிற்சாலை செய்ததை வெட்டிய ஒரு கார், அந்த வெட்டுக்காகவே வரலாற்றுச் சின்னமாகியிருக்கிறது. இந்தக் கலையின் தரப்பில் இதைவிட வலுவான வாதம் இல்லை.

அத்தகைய முடிவு அரிதாகவே கிடைப்பதற்குக் காரணம் வடிவக் கணிதம். செங்குத்தான தூண்களில் நான்கு அங்குலத்தை எடுத்தால் கூரை நேராக வந்து உட்காரும். 1932 ஃபோர்டின் தூண்கள் ஏறக்குறைய அப்படிப்பட்டவை. அதன் கூரையின் நடுவில் தகடே கிடையாது, நீர் புகாத துணிதான். முழுத் தகட்டுக் கூரையை ஜெனரல் மோட்டார்ஸ் 1935இல்தான் பரவலாகக் கொண்டுவந்தது. தூண்கள் சாயச் சாயச் சிக்கல் வளர்கிறது. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த தூணில் நான்கு அங்குல உயரத்தை எடுத்தால், கூரையின் முன்விளிம்பு தான் சேர வேண்டிய இடத்திலிருந்து இரண்டே கால் அங்குலம் பின்னால் நிற்கும். பின்புறத்தில் சாய்வு எதிர்த்திசையில் இருப்பதால் அங்கும் இடைவெளி விழும். இனி மூன்று வழிகள்தான். தூண்களை மேலும் சாய்க்கலாம். கூரையை நான்காக அறுத்து நடுவில் புதுத் தகடு சேர்த்து நீட்டலாம். அல்லது கூரையை முன்னுக்குத் தள்ளி, பின்கண்ணாடிப் பகுதியைத் தனியே கழற்றிப் படுக்க வைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கதவுச் சட்டம், கண்ணாடி, ரப்பர் பீடிங், உள்ளே உட்காருபவரின் தலை என எல்லாமே புதுக் கணக்குக்கு வந்துவிடும். அந்தக் காலத்துத் தட்டைக் கண்ணாடியை அளவுக்கு அறுத்துவிடலாம். வளைந்த கண்ணாடி அறுக்கும்போது எளிதில் விரிசல் விடும். சூட்டில் கடினமாக்கிய கண்ணாடியை அறுக்கவே முடியாது, தொட்டவுடன் பொடியாகிவிடும்.

அடுத்த சோதனை வெல்டிங். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் உள்ள கூரைத் தகடு சூட்டில் விரியும். ஆறும்போது ஒட்டின் கோடு முன்பிருந்ததைவிட அதிகமாகச் சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கும். கூரை போன்ற அகன்ற, வளைவு குறைந்த பரப்பில் இந்த இழுப்பு அப்பட்டமாகத் தெரியும். விரலால் அழுத்தினால் டக்கென்று உள்ளே போய் மீண்டும் வெளியே குதிக்கும். அதனால்தான் தேர்ந்த டிங்கர் ஒரே ஓட்டமாக வெல்டிங் வைப்பதில்லை. முதலில் உடலுக்குள் குறுக்குக் குழாய்களைப் பற்றவைத்து அது தளராமல் பிடித்துக்கொள்கிறார். விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஆங்காங்கே புள்ளி வைத்து, ஓரிடம் ஆறும்வரை வேறிடத்துக்குப் போகிறார். பிறகு அடியில் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு, சுருங்கிய ஒட்டைச் சுத்தியலால் தட்டி மறுபடி நீட்டுகிறார். கேஸ் வெல்டிங் ஒட்டு மென்மையாக இருப்பதால் இந்தத் தட்டலுக்கு இணங்கும். டிக் வெல்டிங் சூட்டைக் குறுகிய கோட்டுக்குள் நிறுத்தும். மிக் வெல்டிங் வேகமானது; ஆனால் அதன் ஒட்டு கடினமாக இருப்பதால் தட்டி நீட்டுவது கடினம், கிரைண்டரில் தேய்க்கத்தான் வேண்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்கத் தகடு மெலியும். அவசரக்காரர்கள் ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை ஏற்றிப் பற்றவைக்கிறார்கள். அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஈரம் தங்கி, சில ஆண்டுகளில் பெயின்டுக்கு அடியில் துரு கொப்பளித்து எழும்.

எஞ்சிய குறைகளை அந்தக் காலத்தில் ஈயம் மூடியது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த கட்டியைத் தீச்சுடரில் குழையவைத்து, மரக்கரண்டியால் பூசி, அரத்தால் இழைத்தார்கள். அந்த நிரப்பு உலோகத்தோடு பிணைந்து நின்றது. ஆனால் இழைத்தவர்கள் அதன் தூளையும் சுவாசித்தார்கள். இந்தக் கலையின் பொற்காலத்தைப் பாடுபவர்கள் இதையும் சொல்லியாக வேண்டும். 1950களில் பாலியெஸ்டர் பட்டி வந்தபின் நச்சு குறைந்தது, சோம்பலுக்கு வாய்ப்புக் கூடியது. மெல்லிய பட்டி குற்றமல்ல. தட்டி நேராக்கியிருக்க வேண்டிய பள்ளத்தை அரை அங்குலப் பட்டியால் மூடுவதுதான் குற்றம். பெயின்ட் அடித்த அன்று இரண்டும் ஒன்றுபோல மின்னும் என்பதால், வாங்குபவரால் வேறுபாடு காண முடியாது. முடிந்த வேலையை மட்டும் மேடையேற்றும் கண்காட்சிகளை நான் முழுமையாக நம்பாததற்குக் காரணம் இதுவே. வெறும் தகட்டு நிலையில் எடுத்த படங்களையும் பக்கத்தில் வைப்பது வழக்கமானால் இந்தக் கலைக்கு அதைவிட நல்ல காவல் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிய குற்றச்சாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். கூரை தாழ்ந்தால் வலிமை தானாகக் குறையும் என்பது சரியல்ல. மற்றவை மாறாதிருந்தால் குட்டையான தூண் உயரமான தூணைவிட எளிதில் வளையாது. பலவீனம் ஒட்டில் இருக்கிறது. தூணின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் ஒரே உயரத்தில் அறுத்து, உள்ளே வலுவூட்டாமல் பற்றவைத்தால் முழுச் சுமையும் ஒரு கோட்டில் நிற்கும். நடுத்தூணை நீக்கினால் ஆபத்து இன்னும் கூடும். வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கைக் கூரை தாங்க வேண்டும் என்று 1970களில் விதித்த அமெரிக்கா, 2009இல் அதை மூன்று மடங்காக உயர்த்தியது. பழைய கார்கள் எந்தக் காலத்திலும் அந்தச் சோதனைக்கு உட்பட்டதில்லை. அதனால் பட்டறைக்காரரின் மனசாட்சியே அங்கே விதி. பார்வைக் குறைவோ தப்பிக்க முடியாத குறை. குறுகிய முன்கண்ணாடியில் தலைக்கு மேலுள்ள சிக்னல் விளக்கைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பின்கண்ணாடி ஒரு பிளவு போலச் சுருங்குகிறது.

மிகக் கனமான குற்றச்சாட்டு வேறு. வெட்டை மீட்க முடியாது. 1949இல் மெர்க்குரி ஏறத்தாழ மூன்று லட்சம் வண்டிகளைச் செய்தது. பாரிஸ் சகோதரர்கள் வெட்டியது அன்று தெருவெங்கும் ஓடிய சாதாரணப் பழைய கார்களை. இன்று துருவும் விபத்தும் போக மிஞ்சியவை கொஞ்சம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உடல் பிழைத்திருக்கும் வண்டியை அறுப்பவர் பாரிஸ் செய்ததையே தானும் செய்வதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. செயல் ஒன்றாயினும் காலம் அதன் பொருளை மாற்றிவிட்டது. அதே சமயம் 1932 ஃபோர்டின் உடலை இன்று அமெரிக்காவில் புதிய இரும்புத் தகட்டிலேயே செய்து விற்கிறார்கள். வெட்ட விரும்புபவர் அதில் வெட்டலாம். பாதி துருவேறிக் கூரை நசுங்கிப்போன உடலுக்கு வெட்டு மறுவாழ்வும் தரலாம்.

வெட்டாமலிருப்பதும் இந்தக் கலைக்குள் ஒரு தேர்வு. பர்பாங்கில் இயங்கிய வேலி கஸ்டம் பட்டறை, கூரையைக் காட்டிலும் உடலின் இடுப்பிலிருந்து கிடைமட்டமாக ஒரு பட்டையை எடுத்து வண்டியை மெலிதாக்குவதில் பெயர்பெற்றது. உயரம் குறையும், கண்ணாடி அப்படியே இருக்கும். வேலை இன்னும் கடினம். கனம் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டறிந்து அங்கே கைவைத்த பட்டறை அது. எல்லா வண்டிக்கும் கூரைதான் நோய் என்று முடிவுகட்டியவர்கள் இன்று செய்யும் வெட்டுகளில் பல, தலை நசுங்கிய தோற்றத்தோடு முடிகின்றன. எவ்வளவு தாழ்வு என்பதே போட்டியாகிவிட்டதால் விகிதம் கவனத்திலிருந்து நழுவிவிட்டது.

ஆகவே எந்த வெட்டையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். அந்த உடல் வெட்டப்படலாமா? வெட்டிய பிறகு முன்கண்ணாடி முதல் வால்வரை கோடு ஒன்றாக ஓடுகிறதா? பெயின்டை உரித்தாலும் அந்த வேலை தலைநிமிர்ந்து நிற்குமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் அது கலை. அதைச் செய்தவர் சிற்பிக்கு இணையானவர். முதல் கேள்விக்கே இல்லை என்றால், கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும் அது இழப்புதான். அறுப்பது ஒரு நாள் வேலை. அறுத்ததை முழுமையான காராக மீட்டுத் தருவதற்கு மாதங்களும் பொறுமையும் வேண்டும். அந்த உழைப்புக்குத் தயாராக இல்லாதவர் ரம்பத்தைக் கையில் எடுக்கவே கூடாது.