33 டிராக்களும் ஒரு டின்ஸ்லியும்

லண்டனில் 1992 ஆகஸ்டில் நடந்த மனிதன் - இயந்திரம் உலக செக்கர்ஸ் பட்டப் போட்டியின் முடிவை ஒரே வரியில் எழுதிவிடலாம்: மேரியன் டின்ஸ்லி 4, சினூக் 2, டிரா 33. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உப்புச்சப்பில்லாத தொடர். 39 ஆட்டங்களில் 33 டிரா என்றால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தோன்றும். ஆனால் செக்கர்ஸில் பெரிய ஆட்டக்காரர்கள் மோதி டிரா ஆகிறதென்றால், பெரும்பாலும் இருவருமே தப்புச் செய்யவில்லை என்று பொருள். அதைக் கணக்குப் போட்டு நிரூபிக்க இன்னும் 15 ஆண்டுகள் ஆயின.

பலகை நம் செஸ் பலகையேதான். 64 கட்டங்களில் கறுப்புக் கட்டங்கள் 32 மட்டுமே புழக்கத்தில். ஆளுக்கு 12 காய். குறுக்காக ஒரு கட்டம் முன்னே போகலாம், எதிராளியின் காயைத் தாண்டி வெட்டலாம், கடைசி வரிசையைத் தொட்டால் ராஜா. இதில் விஷமான விதி ஒன்று உண்டு. வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே ஆகவேண்டும், மறுக்க முடியாது. ஆகவே ஒரு காயைத் தூக்கிக் கொடுத்து, எதிராளியைத் தனக்குத் தோதான கட்டத்துக்கு இழுத்துவந்து, அடுத்த நகர்த்தலில் இரண்டு மூன்று காய்களை அள்ளிக்கொண்டு போகிறவன்தான் ஆட்டக்காரன்.

கடைசிக் கட்டத்தில் இது முழுக்கக் கணக்கு. சில காய்களே மிச்சமிருக்கும்போது, எதிரெதிரே வந்து நிற்கும் காய்களில் எது ஒதுங்க வேண்டியிருக்கும் என்பதை ஒற்றைப்படை, இரட்டைப்படை தீர்மானிக்கிறது. அதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. உங்கள் பக்கத்து முதல் வரிசையில் கறுப்புக் கட்டத்தோடு தொடங்கும் நான்கு நெடுவரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் நிற்கும் காய்களை, உங்களுடையது எதிராளியுடையது என்று பார்க்காமல், எண்ணுங்கள். ஆடுகிற முறை உங்களுடையதாக இருந்து எண்ணிக்கை ஒற்றைப்படையானால் பிடி உங்கள் கையில். இரட்டைப்படையானால், எங்காவது ஒரு காயை மாற்றி வெட்டிக் கணக்கைத் திருப்பப் பார்க்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

டின்ஸ்லிக்குச் சொல்லவே வேண்டாம். 1927இல் ஒஹாயோவில் பிறந்தவர். தொழில் கணிதப் பேராசிரியர், முனைவர் பட்டம் வாங்கியது சேர்வியல் கணிதத்தில். 1955 முதல் 1958 வரை உலகப் பட்டம். பிறகு பல ஆண்டுகள் பட்டப் போட்டிப் பக்கமே வராமல் ஒதுங்கியிருந்துவிட்டு, 1975இல் திரும்பிவந்து மீண்டும் பட்டத்தில் உட்கார்ந்தார். 45 ஆண்டுக் காலத்தில் அவர் தோற்ற ஆட்டங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் எண் ஏழு. தொடர்கள் அல்ல, தனி ஆட்டங்கள். எந்த விளையாட்டிலும் இதற்கு ஈடாக ஒரு பதிவைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இந்த மனிதருக்கு எதிராகத்தான் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் 1989இல் சினூக் நிரலை எழுதத் தொடங்கினார். 1990இல் இருவரும் பலகையில் சந்தித்த ஒரு ஆட்டம் செக்கர்ஸ் உலகில் இன்றும் பேசப்படுகிறது. நிரலின் பத்தாவது நகர்த்தலை ஷேஃபர் பலகையில் ஆடியதுமே, இதற்காக வருத்தப்படுவீர்கள் என்றார் டின்ஸ்லி. சினூக்கின் கணிப்பிலோ அதன் நிலைமை நன்றாகவே இருந்தது. நகர்த்தல்கள் செல்லச் செல்ல அந்தக் கணிப்பு சரிந்தது. 36ஆவது நகர்த்தலில் இயந்திரம் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. டின்ஸ்லி பத்திலேயே பார்த்ததைப் பார்க்க அதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

அதே ஆண்டு அமெரிக்க தேசியப் போட்டியில் டின்ஸ்லிக்கு அடுத்த இடம் பிடித்து, உலகப் பட்டத்துக்கு மோதும் தகுதியைச் சினூக் பெற்றது. செக்கர்ஸ் சங்கங்கள் இயந்திரத்தை அனுமதிக்க மறுத்தன. ஜெயித்துக்கொண்டிருக்கும் யாருக்கும் அது வசதியான தீர்ப்பு. டின்ஸ்லி செய்தது வேறு: பட்டத்தையே ராஜினாமா செய்துவிட்டு, சினூக்கோடு ஆடியே தீருவேன் என்று நின்றார். அதற்காகவே உருவானதுதான் மனிதன் - இயந்திரம் உலகப் பட்டம்.

இனி லண்டன் ஸ்கோர் அட்டைக்கு வருவோம். 5ஆவது ஆட்டம் டின்ஸ்லிக்கு. 8, 14 இரண்டும் சினூக்குக்கு. ஆண்டுக்கணக்கில் தோல்வியே காணாத 65 வயதுக்காரர் இப்போது 1-2 என்று பின்தங்கிவிட்டார். 18ஆவது ஆட்டத்தில் கணினி கோளாறாகி நின்றுவிட்டது. விதிப்படி ஆட்டம் டின்ஸ்லிக்கு. 25ஐ அவர் பலகையிலேயே வென்றார். 3-2. சமனானாலும் பட்டம் சாம்பியனிடமே தங்கும் என்பதால், மிச்சமிருந்த 39, 40 இரண்டையும் சினூக் ஜெயித்தாக வேண்டும். டிராவைத் தவிர்த்து ஆடும்படி நிரல் திருத்தப்பட்டது. வம்பை விலைக்கு வாங்கிய அந்த 39ஆவது ஆட்டத்தில் டின்ஸ்லி அதைக் கவிழ்த்தார், 40ஆவது தேவைப்படவில்லை.

அட்டையில் 4-2 என்று இருந்தாலும், கணினிக் கோளாறில் வந்த 18ஐயும் வேறு வழியில்லாமல் ஆடிய 39ஐயும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நேர்மையான மோதலில் கணக்கு 2-2. டின்ஸ்லியின் ரசிகர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் 4-2ஐவிட இந்த 2-2தான் அவருக்குப் பெருமை. சினூக்குக்கு அப்போதே கடைசிக் கட்ட நிலைகள் கோடிக்கணக்கில் மனப்பாடம். அதற்கு எதிரே இருந்தது ஒரு மனித நினைவு மட்டும்.

மறுமோதல் 1994 ஆகஸ்டில் பாஸ்டனில். எட்டு காய்கள் வரை மிச்சமிருந்தால் விளையக்கூடிய சுமார் 44,400 கோடி நிலைகளின் விடையும் இந்த முறை சினூக்கின் கையில் இருந்தது. ஆறு ஆட்டங்கள், ஆறும் டிரா. அத்தோடு உடல்நலமில்லை என்று டின்ஸ்லி விலகினார். கணையப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பட்டம் சினூக்குக்குப் போனது. டான் லாஃபர்ட்டி மாற்றாக வந்து ஆடிய தொடரும் சமனில் முடிந்தது. செஸ்ஸில் காஸ்பரோவை டீப் ப்ளூ கணினி தொடரில் வீழ்த்தியது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். டின்ஸ்லி 1995 ஏப்ரல் 3 அன்று காலமானார்.

ஷேஃபருக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தது. வெல்ல வேண்டிய ஆள் போய்விட்டார். குறையற்ற ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்றே மிச்சம். 5க்குப் பின்னால் 20 சுழி போட்டால் வரும் அளவுக்கு நிலைகள் உள்ள ஆட்டம் இது. பத்துக் காய்கள் வரை மிச்சமிருக்கும் 39 லட்சம் கோடி நிலைகளுக்கும் விடை கண்டு, தொடக்கத்திலிருந்து அதுவரை வரும் வழிகளை இணைத்து, 2007இல் சயன்ஸ் இதழில் அவர் குழு முடிவை வெளியிட்டது: இரு தரப்பும் தப்பில்லாமல் ஆடினால் செக்கர்ஸ் டிரா.

அந்த முடிவோடு லண்டன், பாஸ்டன் அட்டைகளை எடுத்து மறுபடி படித்தால் 33உம் 6உம் வேறு மாதிரி தெரிகின்றன. உலகப் பட்டத் தொடர் எதிலும் டின்ஸ்லி தோற்றதாகப் பதிவு இல்லை. பாஸ்டனை இயந்திரத்தின் வெற்றியாகச் சேர்த்து எழுதும் பட்டியல்கள் தப்பு. அந்தத் தொடர் முடிவடையவே இல்லை.