ஸ்டாக் ஃபிரேமை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் மோட்டாரையும் பேட்டரியையும் கவனிக்கும் சின்னச் சின்ன கன்ட்ரோலர்கள் உண்டு. அவற்றின் ஃபர்ம்வேர் கிராஷ் ஆனால் பொறியாளர் முதலில் கேட்பது பேக்டிரேஸ்தான். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது, அப்போது வேரியபிள்களில் என்ன இருந்தது என்று டீபக்கர் ஸ்டாக் ஃபிரேம்களை அடுக்கிக் காட்டும். ஜிடிபி என்ற டீபக்கர் வந்தது 1986இல். இன்றும் பேக்டிரேஸைவிட விரைவான வழி இல்லை. ஆனால் இந்தத் திரைக்கு நம் தொழிற்கூடங்களில் கிடைக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம்.

முதலில் அதன் பலம். இத்தகைய வண்டிகளில் பரவலாக இருக்கும் ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்புகள், கோளாறு நேர்ந்த கணத்தில் யாரும் சொல்லாமலே 8 ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் தள்ளிவிடும். மொத்தம் 32 பைட். ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் முகவரி அதில் இருக்கும், திரும்ப வேண்டிய இடமும் இருக்கும். ஃபால்ட் ஹேண்ட்லர் இந்த 32 பைட்டை ஃபிளாஷில் எழுதி வைத்தால் போதும், டீபக்கர் செருகாத வண்டி தர்மபுரி ரோட்டில் நின்றாலும் எந்த வரியில் நின்றது என்று சொல்லிவிடலாம். ஒரு எச்சரிக்கை: ஆர்டாஸ் (நிகழ்நேர இயங்குதளம்) ஓடும் சிப்பில் பிரதான ஸ்டாக் வேறு, டாஸ்க்கின் ஸ்டாக் வேறு. ஹேண்ட்லருக்குள் நுழையும்போது எல்ஆர் ரெஜிஸ்டரின் 2ஆம் பிட்டைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். அதைப் பார்க்காமல் எடுத்த டம்ப் வெறும் குப்பை.

இனி குறைகள். கார்டெக்ஸ்-எம்3, எம்4இல் மெமரிக்கு எழுதுவது ரைட் பஃபர் வழியாகத் தாமதமாக நடக்கும். பஸ் ஃபால்ட் எழும்போது சிப் சில கட்டளைகள் தாண்டிப் போயிருக்கும். ஃபிரேம் காட்டும் வரி நிரபராதி. கம்பைலரின் ஆப்டிமைசேஷனோ ஃபங்ஷன்களை ஒன்றுக்குள் ஒன்று கரைத்து, வேரியபிளையே காணாமல் அடித்துவிடும். இவையெல்லாம் கூடப் பழகினால் பிடிபடும்.

பெரிய குறை வேறு. ஸ்டாக்கே வழிந்து கெட்டுப்போனால், சாட்சி சொல்ல வேண்டியதே பொய் சொல்லும். 2013இல் ஒக்லஹோமாவில் நடந்த டொயோட்டா கேம்ரி வழக்கில் இதுவும் ஒரு பேசுபொருள். ஸ்டாக்கில் 41 விழுக்காடுதான் செலவாகிறது என்று நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்க, 94 விழுக்காடு வரை போகும் என்று நிபுணர் மைக்கேல் பார் சாட்சியம் அளித்தார். அவர் அதைக் கண்டது மூலநிரலை மாதக்கணக்கில் அலசி. எந்த ஃபிரேமும் அதைக் காட்டியிருக்காது. ஃப்ரீஆர்டாஸ் டாஸ்க் ஸ்டாக்கின் கடைசிப் பைட்டுகளில் ஒரு குறியை நிரப்பி வைத்து, அது அழிந்ததா என்று பார்க்கிற வசதி தருகிறது. அதை இயக்கி வைக்காமல் பேக்டிரேஸை மட்டும் நம்புவது சோம்பல்.

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. மேல் ஃபிரேமில் பாயின்டர் பூஜ்யமாக இருக்கும். ஒரு இஃப் போட்டு டிக்கெட்டை மூடிவிடுவார்கள். அந்தப் பாயின்டரை எப்போதோ மிதித்த டாஸ்க் அப்படியே இருக்கும். ஃபிரேம் காட்டுவது விழுந்த இடத்தை. தள்ளியவர் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை.

எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கலும் சேர்கிறது. வண்டி இங்கே உருவாகிறது, மென்பொருள் பெரும்பாலும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருவில். வண்டியில் ஓடும் பில்டுக்கு உரிய எல்ஃப் கோப்பு, அதாவது முகவரியை ஃபங்ஷன் பெயராக மாற்றித் தரும் கோப்பு, இங்கே கையில் இல்லாவிட்டால், 32 பைட்டும் வெறும் எண்கள். ஒரு பில்டு மாறினாலும் தவறான ஃபங்ஷன் பெயரை டீபக்கர் கூசாமல் காட்டும்.

ஆகவே லைனில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியே போகும் ஒவ்வொரு ஃபர்ம்வேருக்கும் அதன் எல்ஃப் கோப்பை பில்டு எண்ணோடு ஓசூரிலும் ஒரு படி வையுங்கள். பேக்டிரேஸை மட்டும் காரணமாக எழுதிய டிக்கெட்டை மூட அனுமதிக்காதீர்கள்.